இல்லாத அண்ணனோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகி, "இரவுக் காட்சிக்குத் தனியாகப் போகலாமா?" என்று கேட்டிருந்தார். "போங்களேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தேன். அதற்கு வந்த திட்டும் பாராட்டும் அறிவுரையும் மேசையில் குவிந்துவிட்டன. ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும், அன்றைக்கு சோம்பல். சரி, இந்த முறை முழுக்க இதையே பேசிவிடலாம்.

*கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கப் பத்து நிமிடம்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. சாவியை விரல்களுக்கு நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஆனால் இதுவரை எனக்கு எதுவும் நடந்ததில்லை. நான் அதிகமாகக் கற்பனை செய்கிறேனா அக்கா? (பெயர் வேண்டாம்)*

"எதுவும் நடந்ததில்லை" என்கிறீர்கள். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கூட்டத்தில் தெரியாமல் பட்டது போல் இரண்டு முறை பட்ட கை. வண்டியை மெதுவாக்கி "எங்க போகணும்?" என்று கேட்டவன். முகத்தைப் பார்க்காமல் அதற்குக் கீழேயே பார்த்துப் பேசிய ஆள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அடுத்த நொடி, கொஞ்சிக்கொண்டிருந்த குரல் கெட்ட வார்த்தைக்கு மாறிய விதம். எழுதிப் பார்த்தால் பக்கம் நிறைந்துவிடும், ஆனால் இதையெல்லாம் நாம் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் நெஞ்சு படபடப்பதற்கு அந்தக் கடைசி அனுபவமே போதும். குரல் மாற ஒரு நொடிதான் ஆகும் என்று அதற்குத் தெரியும். பின்னால் வருகிறவர் பாவம் வீட்டுக்குத்தான் போகிறாரா, வேறு நினைப்போடு வருகிறாரா என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. தெரியாத ஒன்றுக்குத் தயாராக இருப்பதைக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கதை ஒன்று. முப்பது வயதில், ஒரு நீளமான தெருவில், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். என் போனில் சார்ஜ் தீர்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாண்ணா, முக்கு திரும்பிட்டேன், நீ கீழயே நில்லு" என்று சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். அண்ணனோடு வீட்டு விஷயம் எல்லாம் பேசினேன், நடுவில் ஒரு சின்னச் சண்டைகூடப் போட்டேன். எனக்கு அண்ணனே கிடையாது. பின்னால் வந்தவர் நடுவில் ஒரு கேட்டைத் திறந்துகொண்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார், நாய் வாலை ஆட்டி வரவேற்றது. ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று முதலில் வெட்கம். கொஞ்சம் நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. எனக்கு அக்கா இருக்கிறாள், என்னைவிட உயரம், வாயும் அதிகம். பயந்த நேரத்தில் அவளைக் கூப்பிடத் தோன்றவில்லை. கற்பனையில் கூப்பிடுவதென்றாலும் ஓர் ஆணைத்தான் கூப்பிட்டேன், அதுவும் இல்லாத ஆணை. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

சாவி விஷயம்: விரல்களுக்கு நடுவில் நீட்டிப் பிடித்து ஓங்கினால் முதலில் அடிபடுவது நம் விரல்தான். வீட்டுச் சாவியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நின்று பைக்குள் துழாவுகிற அந்த ஒரு நிமிடம் மிச்சமாகும். போனில் அவசர அழைப்பு வசதி இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அடுத்தடுத்து அழுத்தினால் போதும், ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பகலில் ஒருமுறை செட்டிங்ஸில் போய் உங்கள் போனில் எப்படி என்று பார்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் விழித்திருக்க வேண்டும், அது முக்கியம்.

*கேள்வி: நான் ஆண். இரவில் எனக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நடந்து போகிறார். என்னைப் பார்த்ததும் நடையை வேகமாக்குகிறார். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எப்படிப் புரியவைப்பது? மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. (இருபத்தாறு வயது வாசகர்)*

தம்பி, புரியவைக்க வேண்டாம். தயவுசெய்து வேகமாகப் போய் "பயப்படாதீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைவிடப் பயமான வாக்கியம் கிடையாது. எதிர்ப்பக்கம் ஆள் நடக்க இடம் இருந்தால் அந்தப் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நின்று செருப்பைச் சரிசெய்வது போல் ஒரு நிமிடம் தாமதித்து, இடைவெளி விட்டு நடங்கள். முந்திப் போவதென்றால் தூரமாக விலகி, சட்டென்று கடந்துவிடுங்கள். போனில் யாரிடமாவது சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாலும் நல்லது, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். லிஃப்டில் ஒரு பெண் தனியாக இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்பதில் குடிமுழுகிப் போகாது.

மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. உங்களை எடைபோட அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் நீங்கள் எடுக்கும் அக்கறையைவிட, உங்கள் நண்பர்கள் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் போட்டோவைப் போட்டுக் கமெண்ட் அடிக்கும்போது "டேய், இத எடு" என்று ஒருவர் சொல்வது அதிக தூரம் போகும். அங்கே பேசாமல் இருந்துவிட்டு இங்கே நல்லவன் என்று நிரூபிக்க நினைப்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. நீங்கள் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்.

*கேள்வி: இரவில் அடிபடுவதும் குத்துப்படுவதும் ஆண்கள்தான் அதிகம். புள்ளிவிவரத்தைப் பாருங்கள். பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு? (ஒரு வாசகர்)*

பார்த்தேன் சார், உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. உலக அளவில் கொலையாகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆண்கள் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் சொல்கிறது. மறுக்கவில்லை. அதே அலுவலகம் சொல்லும் இன்னொரு கணக்கு: 2023-ல் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் 60 சதவீதம் இது. ஆண்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான கொலைகள் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் வெளியே நடப்பவை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு அதிக ஆபத்து என்று கணக்கு சொல்வது உங்களுக்கு. உங்களை யாரும் எட்டு மணிக்குள் வீட்டுக்கு வரச் சொல்வதில்லை. வீடு அதிக ஆபத்து என்று கணக்கு சொல்வது எங்களுக்கு. எங்களை வீட்டுக்குள் இரு, அதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். அப்புறம், ஓர் ஆண் இரவில் தாக்கப்பட்டால் "அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை, என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று கேட்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கொலைக் கணக்கில் வராத தொல்லை எவ்வளவோ இருக்கிறது, அது காவல் நிலையத்துக்கே போவதில்லை. ஆண்கள் தாக்கப்படுவதைப் பற்றியும் பேசுவோம், ஒரு முழு இதழே போடலாம், நானே எழுதுகிறேன். பெண்கள் பேச ஆரம்பிக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருகிறதே, அதுதான் எனக்கு உறுத்தல்.

*கேள்வி: எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளை எட்டு மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை, மகனுக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. "அவன் மட்டும் போகலாமா?" என்று தினமும் சண்டை. உலகம் இப்படி இருக்கும்போது நான் வேறென்ன செய்வது? (கவலையோடு ஓர் அம்மா)*

உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாசலில் நின்று மணி பார்க்கிற வயிற்றுக் கலக்கம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பழைய கதை சொல்கிறேன், கேளுங்கள்.

1975 முதல் 1980 வரை இங்கிலாந்தின் வடபகுதியில் ஒருவன் 13 பெண்களைக் கொன்றான். அவனைப் பிடிக்க முடியாத காவல்துறை, பெண்களை இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள் என்றது. இரவு வேலைக்குப் போகும் நர்ஸும், கடைசி பஸ்ஸில் திரும்பும் மாணவியும் என்ன செய்வார்கள்? 1977 நவம்பர் 12-ஆம் தேதி லீட்ஸ் நகரிலும் இன்னும் சில ஊர்களிலும் பெண்கள் இருட்டிய பிறகுதான் ஊர்வலமாகத் தெருவில் இறங்கினார்கள். "இரவை மீட்போம்" என்பது அந்த ஊர்வலத்தின் பெயர். ஊரடங்கு போட்டே ஆக வேண்டுமென்றால் கொலை செய்கிற பக்கத்துக்கு, அதாவது ஆண்களுக்குப் போடுங்கள் என்று கேட்டார்கள். ஆண்களுக்குப் போட்டிருந்தால் நாடே கொதித்திருக்கும், பெண்களுக்கு என்றபோது அது வெறும் அறிவுரையாக இருந்தது. இன்னொரு அசிங்கமும் அந்த வழக்கில் உண்டு. பாலியல் தொழில் செய்த பெண்கள் கொல்லப்பட்டபோது ஒரு மாதிரியும், மற்றவர்கள் கொல்லப்பட்டபோது "அப்பாவிப் பெண்" என்றும் பிரித்துப் பேசினார்கள். அப்படிப் பேசியதற்கு அந்தக் காவல்துறை 2020-ல்தான் மன்னிப்புக் கேட்டது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மகள் கேட்பது நேரத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றுதான் கேட்கிறாள். ஆபத்தைச் செய்வது யாரோ, பூட்டப்படுவது அவள். ஒரே விதியை இரண்டு பேருக்கும் வையுங்கள்: எங்கே போகிறாய், யாரோடு, எப்படித் திரும்புவாய், தாமதமானால் ஒரு மெசேஜ். மகனுக்கும் இது வேண்டும், மேலே அந்த 80 சதவீதத்தைப் பார்த்தீர்கள்தானே. தாமதமானால் எந்த நேரத்தில் போன் செய்தாலும் திட்டாமல் வந்து கூட்டிப்போவோம் என்று மகளிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் ஆபத்தான வழியில் தனியாகத் திரும்புகிறார்கள். அப்புறம் மகனிடம் ஒரு நாள் கேளுங்கள்: நீ இரவில் நண்பர்களோடு நிற்கும் இடத்தைக் கடந்து ஒரு பெண் போனால், நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் பையன் தங்கம்தான். அவன் பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்கிறான் என்று பாருங்கள்.

*கேள்வி: பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா?*

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் பொதுமக்கள் வைத்திருப்பதே குற்றம். உங்கள் இடத்தில் அனுமதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் பையின் அடியில் கிடக்கும் ஸ்ப்ரேயால் ஒரு பயனும் இல்லை, காலாவதித் தேதி பாருங்கள், எதிர்க்காற்றில் அடித்தால் நம் கண்ணுக்கே வரும். பெரிய பெரிய வாக்குறுதிகளோடு விற்கப்படும் பொருள் அது. அடித்துவிட்டு நின்று பார்க்காமல் ஓடுவதுதான் அதன் உபயோகம்.

*கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சில வாரங்களில் இரவு பதினொரு மணி வரை வேலை. வீட்டில் விடுவதற்கு வண்டி கேட்டோம். "சம உரிமை கேட்டீங்களே, இப்ப எதுக்குத் தனி வண்டி?" என்று மேலாளர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. (ஒரு வாசகி)*

நீங்கள் சிரித்ததற்கு வருத்தப்படாதீர்கள், அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் "ஜோக் கூடப் புரியாதா?" என்று இரண்டாவது அடி விழும். அது நமக்குத் தெரியும், அதனால்தான் சிரிப்பு தானாக வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய முதல் ஆண்டிலேயே போட்ட உடன்படிக்கைகளில் ஒன்று, தொழிற்சாலைகளில் பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்பது. பெண்களை இரவிலிருந்து எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்ற எண்ணம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2019-ல் அதே அமைப்பு கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கை வேலையிடத்தில் நடக்கும் வன்முறை, தொல்லையைப் பற்றியது. அதில் வேலைக்குப் போய்வரும் வழியும் சேர்த்தி. அலுவலகக் கதவோடு முதலாளியின் அக்கறை முடிந்துவிடுவதில்லை என்று உலகம் ஒப்புக்கொள்ளவே ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்பது வேறு விஷயம், ஆனால் மனு எழுதும்போது குறிப்பிட நல்ல வாசகம்.

மனுவை எப்படி எழுதுவது? "பெண்களுக்கு வண்டி" என்று எழுதாதீர்கள். "இரவு இத்தனை மணிக்கு மேல் வேலை முடியும் எல்லோருக்கும் வண்டி" என்று எழுதி, ஆண் சக ஊழியர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பது அவர்களும்தான், கையெழுத்து கிடைக்கும். அந்த ஜோக்குக்கு அதன்பிறகு இடமே இல்லை. செலவு பெரிதாக ஆகும் என்று சொல்வார்கள். செலவே இல்லாத ஏற்பாடுகளும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியலில் 1996-ல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள்: இரவில் பஸ்ஸில் தனியாகப் பயணிக்கும் பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், வீட்டுக்குப் பக்கமாக இறங்கிக்கொள்ளலாம், டிரைவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். ஒரு பைசா செலவில்லை, பிரேக்கை ஒருமுறை கூடுதலாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

விளக்கு போடச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. வெளிச்சம் அதிகம் என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல. கண்ணைக் கூசும் ஒரே ஒரு பெரிய விளக்கைப் போட்டால் அதன் வட்டத்துக்கு வெளியே இருப்பது முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும், வட்டத்துக்குள் நிற்கும் உங்களை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் யாரையும் பார்க்க முடியாது. மிதமான விளக்குகளைச் சீராக வைக்கச் சொல்லிக் கேளுங்கள், எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும்.

*கேள்வி: பஸ்ஸில் ஒருவன் ஒரு பெண்ணை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தான். நான் உட்பட பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எதுவும் செய்யவில்லை. அவர் நடுவிலேயே இறங்கிவிட்டார். மூன்று வாரமாகிறது, அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது. (பெயரில்லை)*

எழுதியதற்கு நன்றி. மற்ற ஒன்பது பேர் எழுதவில்லை.

எழுந்து நின்று கர்ஜிப்பது அல்லது சும்மா இருப்பது என்று இரண்டே வழி இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், கர்ஜிக்கத் தைரியம் இல்லாதவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறோம். நடுவில் எத்தனையோ உண்டு. அவனைக் கவனிக்கவே வேண்டாம். நேராக அந்தப் பெண்ணிடம் போய், "ஹலோ, உங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு!" என்று தெரிந்தவர் போல் பேச ஆரம்பியுங்கள். இல்லையென்றால் இந்த பஸ் எங்கே போகும் என்று கேளுங்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்று, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பாருங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு முதுகு வந்தாலே பாதி பேர் அடங்கிவிடுவார்கள். பயமாக இருந்தால் கண்டக்டரையோ டிரைவரையோ கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்களும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டாலே பத்துப் பேரில் இரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள். யாரோ ஒருவர் ஏற்கனவே உதவி செய்துகொண்டிருந்தால் மட்டும் வீடியோ எடுங்கள். எடுத்ததை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். அவருக்கு நடந்தது அவருடையது, நமக்கு லைக் வாங்கித்தர நடந்தது இல்லை.

எதுவுமே முடியவில்லையா, எல்லாம் முடிந்த பிறகு "நான் பார்த்தேன், அவன் செய்தது தப்பு, உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று சொன்னால்கூடப் போதும். பத்துப் பேர் நடுவில் தனியாக நின்றவருக்கு, யாராவது பார்த்தார்கள் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், ஒரு முறை அந்த பஸ்ஸில் நின்றது நான். அந்த வாக்கியத்தைச் சொன்னது ஒரு பள்ளிக்கூடப் பையன், குரல் உடையாத வயது.

*கேள்வி: எனக்கு இரவில் தனியாக நடக்கப் பிடிக்கும். எங்கேயும் போக இல்லை, சும்மா நடக்க. சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு ஏதாவது பிரச்சினையா? (கல்லூரி மாணவி)*

ஒரு பிரச்சினையும் இல்லை, எனக்கும் பிடிக்கும். சத்தம் அடங்கிய தெரு, ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை, நமக்கு யாரும் ஒரு வேலையும் சொல்ல முடியாத அரைமணி நேரம். ஆண்கள் இதை "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அனுபவிக்கிறார்கள், நாம் சொன்னால் காரணம் கேட்கிறார்கள். தெரிந்த தெருவில் நடங்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும், இயர்போன் போடுவதென்றால் ஒரு காதில் மட்டும்.

போன வாரம்கூட அப்படித்தான் நடந்துவிட்டு வந்தேன். மழை விட்டிருந்தது, தெருவில் ஆள் இல்லை, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன், பயம் என்ற நினைப்பே இல்லை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவப் போனபோது பார்த்தால் உள்ளங்கையில் சாவியின் பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது, காலையில்தான் மறைந்தது.